நோய் தீர்ந்தவரின் கடவுச்சீட்டு

தொற்றுநோய் ஒன்றிலிருந்து அண்மையில் மீண்ட ஒருவர் வேறொரு நாட்டுக்குப் புறப்படும்போது, அவருக்கு மருத்துவம் தொடர்பான கேள்வியோடு ஆவணம் தொடர்பான கேள்வியும் சேர்ந்தே எழுகிறது. காய்ச்சல் விட்டுப் பல வாரங்கள் ஆகியிருக்கலாம். மருத்துவர் அவரை முழு நலம் பெற்றவராகக் கருதியிருக்கலாம். வீட்டாரும் அண்டை அயலாரும் அவரோடு அச்சமின்றிப் பழகத் தொடங்கியிருக்கலாம். ஆனால் எல்லையில் இருக்கும் அலுவலர் இவற்றில் எதையும் அறியார். அவர் அறிவது தம்மிடம் நீட்டப்படும் தாளை மட்டுமே. கோவிட்-19 பெருந்தொற்று நீடித்த ஆண்டுகளில் இந்த இக்கட்டு உலகெங்கும் உணரப்பட்டது. ஆயினும் அது அப்போது புதிதாகத் தோன்றியதன்று. ஒரு நோய் வந்து தீர்ந்திருப்பதே அந்நோய்க்கு எதிரான பாதுகாப்பின் அடையாளம் என்னும் அறிவு மிகத் தொன்மையானது. அவ்வறிவு பயண ஆவணங்களில் எப்போது இடம் பெற்றது, எப்போது இடம் இழந்தது, ஏன் இழந்தது என்பவற்றை ஏறத்தாழ அறுநூற்று ஐம்பது ஆண்டு வரலாற்றின் வழியே காண முடிகிறது.

ஊருக்கு வழங்கப்பட்ட நற்சான்று

ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவி மக்கள்தொகையின் பெரும்பகுதியை அழித்தபின், துறைமுக நகரங்கள் தங்களைக் காத்துக்கொள்ளும் வழிகளைத் தேடின. அட்ரியாட்டிக் கடற்கரையில் இருந்த ரகூசா என்னும் வணிக நகரம், அதாவது இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக், 1377இல் ஓர் ஆணை பிறப்பித்தது. நோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் நகருக்குள் நுழையுமுன் 30 நாள்கள் வெளியே தங்கியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த முப்பது நாள் பின்னர் நாற்பது நாளாக நீண்டது. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் ‘குவாரந்தா’ என்ற சொல்லே ‘குவாரண்டைன்’ என்று இன்று வழங்கும் சொல்லுக்கு மூலமாயிற்று.

வெனிஸ் நகரம் 1423இல் தன் காயலில் உள்ள ஒரு தீவில் பிளேக் நோயாளிகளுக்கென நிலையான மருத்துவமனையை அமைத்தது. 1468இல் மற்றொரு தீவிலும் இத்தகைய நிலையம் ஒன்றை நிறுவ முடிவு செய்தது. நோயாளிகளோடு பழகியோரும், முதல் தீவில் நோய் தீர்ந்து வெளிவந்தோரும் இந்த இரண்டாம் தீவில் நாள் கணக்கைக் கழித்த பின்னரே நகருக்குத் திரும்ப முடிந்தது. பிளேக்கில் விழுந்து பிழைத்தோர் சிலரே. அச்சிலரும்கூட நேரே வீடு திரும்ப அனுமதிக்கப்படவில்லை என்பதில், குணமானவரை அரசுகள் எவ்வாறு நோக்கின என்பதற்கான முதல் தடயம் கிடைக்கிறது. நோயாளியைப் போலவே நோய் தீர்ந்தவரும் ஐயத்துக்கு உரியவராக இருந்தார்; நாள் கணக்கு ஒன்றே அவரை அந்த ஐயத்திலிருந்து விடுவித்தது.

அடுத்த நூற்றாண்டுகளில் மத்தியதரைக்கடல் துறைமுகங்களில் ‘சுகாதாரச் சான்று’ என்னும் ஆவணம் வழக்கில் வந்தது. கப்பல் ஒரு துறைமுகத்தை விட்டுப் புறப்படும்போது, அங்கே கொள்ளைநோய் இல்லை என்று அத்துறைமுக அதிகாரிகள் எழுதிக் கொடுத்தால் அது தூய சான்று எனப்பட்டது. நோய் இருக்கிறது என்று எழுதினால் அது மாசுற்ற சான்று எனப்பட்டது. தூய சான்றோடு வந்த கப்பல் விரைவில் கரை சேர்ந்தது; மாசுற்ற சான்றோடு வந்த கப்பலின் மனிதரும் பொதியும் பல நாள்கள் காத்துக் கிடந்தனர். அக்கப்பல்களில் வந்த கடிதங்கள்கூடக் கத்தியால் கீறப்பட்டு, வினிகரில் நனைத்தோ புகையில் காட்டியோ தூய்மை செய்யப்பட்ட பின்னரே உரியவரைச் சேர்ந்தன. இந்தச் சான்று புறப்பட்ட ஊரைப் பற்றிப் பேசியதே அன்றி, அதைச் சுமந்து வந்த மனிதரின் உடலைப் பற்றி எதையும் கூறவில்லை. நோய் தீர்ந்தவரும் நோயே வராதவரும் நாளை நோயில் விழப்போகிறவரும் ஒரே ஊரின் பெயரால் ஒன்றாகவே எடைபோடப்பட்டனர்.

முகத்தில் எழுதப்பட்ட சான்று

ஊரை விடுத்து உடலையே சான்றாகக் கொள்ளும் வழக்கம் வேறொரு வழியில் வளர்ந்தது. கி.மு. 430இல் ஏதென்ஸ் நகரைத் தாக்கிய கொள்ளைநோயை வருணித்த துசிடிடீஸ் என்னும் வரலாற்றாசிரியர் அந்நோயில் விழுந்து மீண்டவர். நோய் தீர்ந்தவர்களே நோயாளிகளிடம் அச்சமின்றி நெருங்கிப் பரிவு காட்டினர் என்றும், ஒருவரை அந்நோய் இரண்டாம் முறை உயிர் போகும் அளவுக்குத் தாக்கவில்லை என்றும் அவர் பதிவு செய்தார். நோயெதிர்ப்பு என்ற கருத்து அறிவியலில் உருவாவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட இக்குறிப்பு, குணமடைதலுக்கு ஒரு சமூக மதிப்பு உண்டு என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

அம்மதிப்பை எல்லோரும் காணும்படி உடலில் பொறித்த நோய் பெரியம்மை. வைசூரி என்றும் தமிழில் வழங்கிய இந்நோய் தீர்ந்தவரின் முகத்தில் குழிவான தழும்புகள் வாழ்நாள் முழுவதும் நின்றன. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வீட்டு வேலையாள் தேடி வெளியான செய்தித்தாள் விளம்பரங்கள் பலவற்றில், வருபவர் பெரியம்மை வந்து தீர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இடம்பெற்றது. அமெரிக்கக் குடியரசின் முதல் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன், 1751இல் தம் 19ஆம் வயதில் கரீபியத் தீவான பார்படோசுக்குச் சென்றபோது அங்கே பெரியம்மைக்கு ஆளாகி, சில வாரங்களில் குணமடைந்து ஊர் திரும்பினார். பிற்காலத்தில் விடுதலைப் போரின்போது படை முகாம்களில் அந்நோய் பரவியபோது அவர் அதற்கு அஞ்ச வேண்டியிருக்கவில்லை. அவ்வச்சம் இருந்த தம் படைவீரருக்கு 1777இல் பெரியம்மைக் கொப்புளச் சீழை ஏற்றும்படி ஆணையிட்டவரும் அவரே.

குணமடைந்தவர் என்ற நிலை ஒருவரின் பிழைப்பையே தீர்மானித்த இடம், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சல் கோடைக்காலங்களில் அந்நகரை அடிக்கடி தாக்கியது. அக்காய்ச்சலில் விழுந்து பிழைத்தவர் ‘தட்பவெப்பத்துக்குப் பழகியவர்’ என்று அழைக்கப்பட்டார்; புதிதாக வந்து இன்னும் நோய் காணாதவர் ‘பழகாத அயலார்’ எனப்பட்டார். பழகாதவருக்கு வேலையும் கடனும் காப்பீடும் எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே வேலை தேடி வந்த ஏழைக் குடியேறிகள் சிலர் நோயை வலிந்து வரவழைத்துக்கொள்ள முயன்றனர். சந்தையில் விற்கப்பட்ட கறுப்பின அடிமைகளுள் பழகியவர் என்று சொல்லப்பட்டோருக்கு விலை உயர்ந்தது, அந்த இலாபமோ உடலால் நோயைத் தாங்கியவர்களைச் சேராமல் உடைமையாளரைச் சேர்ந்தது. குணமடைதலைத் தகுதியாக்கும் சமூகம், நோயில் விழுவதையும் தகுதிக்கான வழியாக்கிவிடும் என்ற எச்சரிக்கை இந்நகரத்தின் வரலாற்றில் இருக்கிறது. கோவிட் காலத்தில் ‘நோயெதிர்ப்புக் கடவுச்சீட்டு’ பற்றிய விவாதங்களில் அது மீண்டும் நினைவுகூரப்பட்டது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில், குணமடைந்ததற்குச் சான்று காட்டும் தேவையைச் சடங்கு நிறைவேற்றியது. அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகப்படும். அதைக் கண்டோர் உள்ளே நுழைவதில்லை, வீட்டாரும் வெளியூர்ப் பயணத்தைத் தவிர்ப்பர். அம்மை இறங்கிய பின், வேப்பிலையும் மஞ்சளும் இட்டு வெயிலில் வைத்துச் சூடேற்றிய நீரைக் குணமானவரின் தலையில் ஊற்றுவர். ‘தலைக்குத் தண்ணீர் ஊற்றுதல்’ எனப்படும் இச்சடங்கு, பெரும்பாலும் ஒற்றைப்படை நாள்களில், இடைவெளி விட்டு மூன்று முறை நிகழும். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகே அவர் கோயிலுக்கும் சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் செல்லத் தக்கவர் ஆனார். நோய் தொடங்கியதைத் தெரிவிக்கும் வேப்பிலை, காத்திருக்கும் நாள் கணக்கு, நோய் முடிந்ததைப் பலர் அறிய அறிவிக்கும் தண்ணீர் ஆகிய மூன்றும் சேர்ந்து, குணமடைந்தமைக்கான முழுமையான சான்று முறையாகவே இயங்கின. அச்சான்றைப் பார்த்துக் கையெழுத்திட்டவர்கள் அண்டை வீட்டார். அது செல்லுபடியானது அவர்கள் கண் எட்டும் தொலைவு வரை மட்டுமே. அவரை அறியாத ஊரில் அதற்கு மதிப்பில்லை.

எட்வர்ட் ஜென்னர் 1796இல் பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் முறையைக் கண்டறிந்து, 1802 ஜூன் மாதம் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு இந்தியாவின் முதல் தடுப்பூசி செலுத்தப்பட்ட பிறகு, இரண்டாவது வகைத் தழும்பு ஒன்று தோன்றியது. ‘அம்மை குத்துதல்’ என்று தமிழர் அழைத்த அச்செயல் மேற்கையில் வட்டத் தழும்பை விட்டுச் சென்றது. முகத்துத் தழும்பை இட்டது நோய். கைத் தழும்பை இட்டது அரசு அனுப்பிய அம்மை குத்துபவரின் ஊசி. முன்னதற்குப் பதிவேடு இல்லை. பின்னதற்கு ஊரும் பெயரும் தேதியும் எழுதிய பதிவேடு இருந்தது. குணமடைந்தவருக்கும் தடுப்பூசி பெற்றவருக்கும் இடையே பிற்காலத்தில் எல்லைகளில் ஏற்பட்ட வேறுபாட்டின் வேர் இந்தப் பதிவேட்டில்தான் உள்ளது.

பிளேக் பாஸ்போர்ட்டும் மண்டபம் கேம்பும்

1896இல் பம்பாயில் பிளேக் நோய் வெளிப்பட்டதைத் தொடர்ந்து, 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்கள் சட்டம் இயற்றப்பட்டது. 2020இல் கோவிட் பரவியபோதும் இந்திய மாநிலங்கள் கையில் எடுத்தது இதே சட்டத்தைத்தான். 1897ஆம் ஆண்டுச் சட்டம் பயணிகளை நிறுத்தவும் சோதிக்கவும் பிரித்து வைக்கவும் அரசுக்குப் பரந்த அதிகாரம் அளித்தது. இரயில் நிலையங்களில் மருத்துவச் சோதனை நடந்தது. மூன்றாம் வகுப்புப் பயணிகளே மிகுந்த கடுமையோடு சோதிக்கப்பட்டனர். சென்னை மாகாணத்தில் ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. நோய் கண்ட பகுதியிலிருந்து வருபவரின் பெயரும் செல்லும் இடமும் எழுதப்பட்ட அத்தாளைப் பெற்றவர், போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள்கள் நாள்தோறும் அதிகாரியின் முன் நேரில் வந்து தம் உடல்நிலையைக் காட்ட வேண்டும். 2020இல் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் பெற்று, சென்ற இடத்தில் தனிமையில் இருந்த தமிழ்நாட்டு மக்கள், தம் முன்னோர் நடந்த பாதையிலேயே நடந்தனர்.

கடல் கடந்து சென்ற தமிழர்களின் பயணத்தில் இந்த ஏற்பாடு இன்னும் இறுக்கமாக இருந்தது. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகளால் திரட்டப்பட்டுச் சென்ற தொழிலாளர், 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டுவழியே மலைநாடு வரை நடந்தனர். அவ்வழியில் வாந்திபேதி எனப்பட்ட காலராவும் பெரியம்மையும் காய்ச்சலும் பலரைக் கொன்றன. பிளேக் அச்சத்துக்குப் பிறகு அவர்களின் பயணம் தடுப்பு முகாம்களின் வழியாகத் திருப்பிவிடப்பட்டது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், பாம்பன் பாலம் திறக்கப்பட்டு 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் போக்குவரத்துத் தொடங்கிய காலத்திலிருந்து மண்டபத்திலும் அவர்கள் நிறுத்தி வைக்கப்பட்டனர். இராமநாதபுரம் கடற்கரையில், இந்திய மண்ணில் அமைந்திருந்த மண்டபம் முகாம் இலங்கை அரசின் நிர்வாகத்தில் இயங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு நாட்டின் எல்லைச் சோதனை மற்றொரு நாட்டின் கரையிலேயே நடந்தது.

இரயிலில் வந்திறங்கிய குடும்பங்கள் முகாமுக்குள் எண்ணி அனுப்பப்பட்டன, உடைகள் தொற்று நீக்கத்துக்குக் கொடுக்கப்பட்டன, மருத்துவர் ஒவ்வொருவரையும் பார்வையிட்டார், அம்மை குத்தப்பட்டது, பிற்காலத்தில் கொக்கிப்புழு நீக்கும் மருந்தும் புகட்டப்பட்டது. நோயின் உள்ளுறை காலம், அதாவது கிருமி உடலில் நுழைந்த நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட காலம், கழியும் வரை அவர்கள் அங்கேயே தங்கியிருந்தனர். தொழிலாளரிடம் ஒரு சிறு தகர வில்லை இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கில் வந்த அவ்வில்லையில், அவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் காட்டும் குறியீடு பொறிக்கப்பட்டிருந்தது. அதைக் காட்டினால் பயணச் செலவும் முகாம் செலவும் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டன. அவ்வில்லை அவருடைய பெயரைச் சொல்லவில்லை. அவருக்கு முன்பே அம்மை வந்து தீர்ந்ததா, எப்போது வந்தது என்பவற்றையும் சொல்லவில்லை. நோயைக் கடந்து வந்த உடல் அங்கே ஒரு வரலாறாக வாசிக்கப்படவில்லை. தோட்டத்துக்குச் சேர வேண்டிய உழைப்பாக எண்ணப்பட்டது.

மலாயாவுக்குச் சென்றோரும் இதே வழியில் நடத்தப்பட்டனர். நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கிக் கப்பலேறியவர்கள், பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூருக்குத் தெற்கே 1874 முதல் தடுப்பு நிலையமாக இயங்கிய செயின்ட் ஜான்ஸ் தீவிலும் மீண்டும் நிறுத்தப்பட்டனர். மண்டபம் முகாமோ பின்னர் வேறு பல வரலாறுகளுக்கும் இடமளித்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் வந்து தங்கிய இடமும், 1980களிலிருந்து ஈழ ஏதிலியர் அடைக்கலம் பெற்ற இடமும் அதுவே. போகும்போது பாட்டனார் நிறுத்தப்பட்ட அதே கரையில், திரும்பி வரும்போது பேரன்மாரும் நின்றனர். அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் ‘மண்டபம் கேம்ப்’ என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

மஞ்சள் அட்டையின் எழுச்சி

ஒவ்வொரு துறைமுகமும் தனக்கெனத் தனி விதி வகுத்ததால் வணிகம் தடைப்படுவதைக் கண்ட நாடுகள், 1851இல் பாரிசில் முதல் பன்னாட்டுச் சுகாதார மாநாட்டைக் கூட்டின. உடன்பாடு எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. வானூர்திப் பயணம் வளர்ந்தபோது, நோயின் உள்ளுறை காலத்தைவிடப் பயணக் காலம் குறைந்துவிட்டது. கப்பலில் வெளிப்பட்டுவிடும் நோய் விமானத்தில் வெளிப்படாது. இந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்க 1933இல் வான்வழிப் பயணத்துக்கான தனிச் சுகாதார உடன்படிக்கை உருவானது. ஊரைப் பற்றிய பழைய சான்று இனிப் போதாது, ஒவ்வொரு மனிதரைப் பற்றியும் சான்று வேண்டும் என்ற நிலை அப்போது பிறந்தது.

உலக சுகாதார நிறுவனம் 1951இல் ஏற்றுக்கொண்டு 1952 அக்டோபரில் நடைமுறைப்படுத்திய பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குவிதிகள் பிளேக், காலரா, மஞ்சள் காய்ச்சல், பெரியம்மை, டைபஸ், மீள்காய்ச்சல் ஆகிய ஆறு நோய்களை உள்ளடக்கின. பெரியம்மை பற்றிய விதி, முன்னர் அந்நோய் வந்து தீர்ந்ததால் பாதுகாப்புப் பெற்றமைக்குப் போதிய சான்று காட்டாத பயணியிடம் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்கலாம் என்று அமைந்தது. முகத்தில் அம்மைத் தழும்பு உள்ளவர் அத்தழும்பையே சான்றாகக் கொண்டு எல்லை கடக்க இவ்விதி இடம் தந்தது. குணமடைந்த உடலுக்குப் பன்னாட்டுச் சட்டம் அளித்த தெளிவான மரியாதைகளுள் இது ஒன்று.

அம்மரியாதை நடைமுறையில் நெடுங்காலம் முதன்மை பெறவில்லை. தழும்பைப் படிக்க மருத்துவக் கண் வேண்டும். மஞ்சள் நிற அட்டையில் முத்திரையிட்ட தடுப்பூசிச் சான்றைப் படிக்க எந்த அலுவலராலும் முடியும். மூன்று ஆண்டுகள் செல்லுபடியான பெரியம்மைச் சான்று, கடவுச்சீட்டோடு இணைபிரியாத தாளாயிற்று. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூருக்கு 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் ஏறிய தமிழ்ப் பயணிகளின் தலைமுறைக்கு அம்மை குத்திய சான்றிதழ் நன்கு பழக்கமான ஒன்று.

தாளுக்குக் கிடைத்த மதிப்பு சில வேளை அதன் காரணத்தையும் மிஞ்சியது. அன்றைய காலராத் தடுப்பூசி அந்நோய் நாடு விட்டு நாடு பரவுவதைத் தடுக்க உதவவில்லை என்று கண்ட உலக சுகாதாரப் பேரவை, 1973இல் காலராச் சான்றைக் கட்டாயமாக்கும் விதியை நீக்கியது. அதன் பிறகும் பல எல்லைகளில் அதைக் கேட்கும் வழக்கம் நீடித்தது. பெரியம்மை ஒழிந்ததாக 1980 மே மாதம் அறிவிக்கப்பட்ட பின் அதற்கான சான்றும் மறைந்தது. எஞ்சியவற்றுள் முதன்மையானது மஞ்சள் காய்ச்சல் சான்று. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்து செல்லுபடியாகும் அச்சான்றுக்கு இருந்த பத்தாண்டு வரம்பு, 2016 ஜூலையில் வாழ்நாள் முழுவதற்குமாக நீட்டிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவுக்கோ தென் அமெரிக்காவுக்கோ செல்லும் தமிழ்நாட்டார் இன்றும் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்திலும் சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் அவ்வூசியைப் பெறுகின்றனர். மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசுவும், அதற்கு எதிர்ப்பு இல்லாத மக்களும் உள்ள இந்தியா இவ்விதியில் மிகுந்த கண்டிப்புக் காட்டுகிறது. அந்நோய் உள்ள நாடுகளிலிருந்து உரிய சான்றின்றி வருவோர் ஆறு நாள்கள் வரை தனிமையில் வைக்கப்படுகின்றனர்.

தொண்ணூறு நாளும் நூற்றெண்பது நாளும்

கோவிட்-19 நோயைப் பன்னாட்டு அவசரநிலையாக உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30இல் அறிவித்தபோது, தடுப்பூசி எதுவும் இல்லை; ஆகவே குணமடைந்தோர் மட்டுமே ஓரளவு பாதுகாப்புப் பெற்றவராகக் கருதத்தக்கவராக இருந்தனர். அவர்களுக்குச் சிறப்பு அனுமதி வழங்கும் எண்ணம் சில நாடுகளில் எழுந்தது. சிலி நாடு அத்தகைய அட்டை ஒன்றை அறிவித்துப் பின்னர் கைவிட்டது. நோய் தீர்ந்தவருக்கு மீண்டும் தொற்றாது என்பதற்கு அப்போது சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரல் 24இல் எச்சரித்தது.

அவ்வெச்சரிக்கை சரியானது என்பதை ஒரு வெளிநாட்டுப் பயணமே மெய்ப்பித்தது. 2020 ஆகஸ்டில் ஹாங்காங் விமான நிலையத்தில் நடந்த சோதனையில், ஸ்பெயினிலிருந்து திரும்பிய 33 வயதினர் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. அவர் அதே ஆண்டின் வசந்த காலத்தில் கோவிட் வந்து குணமானவர். இரு தொற்றுகளின் வைரஸ் மரபுத் தொடர்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அவை வேறுபட்டவை என்று காட்டினர். மறுதொற்று என்பது ஆய்வுக்கூடச் சான்றோடு நிறுவப்பட்ட முதல் நேர்வு அது. இரண்டாம் முறை அவருக்கு அறிகுறி எதுவும் இல்லை. ஆகவே இந்த நேர்வு இரண்டு உண்மைகளைச் சேர்த்தே சொன்னது: குணமடைந்தவருக்கு மீண்டும் தொற்றலாம்; ஆயினும் முந்தைய நோய் அவர் உடலுக்கு ஏதோ ஒரு காப்பை விட்டுச் சென்றிருக்கலாம்.

இதற்கு எதிர்ப்புறத்தில் மற்றொரு சிக்கல் இருந்தது. எல்லைகள் பெரும்பாலும் கேட்டது, புறப்படுமுன் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சோதனையின் எதிர்மறை முடிவு. வைரஸின் ஆர்என்ஏ என்னும் மரபுப் பொருளைப் பலமுறை பெருக்கிக் கண்டறியும் இச்சோதனை மிக நுண்ணியது. தொற்றும் ஆற்றல் இழந்த வைரஸின் சிதறல்களைக்கூட அது காட்டிவிடும். எனவே நோய் தீர்ந்து, பிறருக்குத் தொற்றும் நிலை கடந்து வாரங்கள் ஆனவருக்கும் ‘பாசிட்டிவ்’ என்ற முடிவு வந்துகொண்டிருந்தது. உடலால் நலமாகவும் தாளால் நோயாளியாகவும் இருக்கும் இந்த விந்தை நிலை, முந்தைய எந்த நூற்றாண்டின் குணமானவருக்கும் நேர்ந்திராதது.

இதை உணர்ந்த அமெரிக்கா, விமானப் பயணிகளிடம் 2021 ஜனவரி 26 முதல் எதிர்மறைச் சோதனை முடிவைக் கேட்டபோது ஒரு மாற்று வழியையும் வகுத்தது. கடந்த 90 நாள்களுக்குள் தொற்று உறுதியான சோதனை முடிவும், பயணம் செய்யத் தக்க நிலையில் உள்ளார் என்று உரிமம் பெற்ற மருத்துவர் எழுதிய கடிதமும் சேர்ந்து, எதிர்மறை முடிவுக்கு ஈடாக ஏற்கப்பட்டன. 2022 ஜூன் 12 வரை நீடித்த இவ்விதியில், மற்ற இடங்களில் ஒருவரைத் தடுத்த அதே ‘பாசிட்டிவ்’ தாள், இங்கே அவரைக் கடக்கவிடும் சான்றாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்திய மின்னணுக் கோவிட் சான்றிதழ் இன்னும் ஒரு படி மேலே சென்றது. தடுப்பூசி, சோதனை, குணமடைதல் ஆகிய மூன்றையும் அது ஒரே வரிசையில், ஒரே வகைக் கியூஆர் குறியீட்டில் வைத்தது. முதல் நேர்முடிவுக்குப் பின் பதினோராம் நாள் முதல் 180 நாள் வரை குணமடைந்த சான்று செல்லுபடியானது. துசிடிடீஸ் கண்ட உண்மைக்கு, அரசு முத்திரையும் காலவரம்பும் கொண்ட தனி ஆவணம் ஒன்று இவ்வாறு அமைந்தது. அவ்வேற்பாடு ஐரோப்பாவில் 2023 ஜூன் 30இல் முடிவுக்கு வந்தபோது, அதன் தொழில்நுட்ப அடித்தளத்தை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

இந்தியப் பயணியின் இடைவெளி

இந்தியாவிலிருந்து புறப்பட்டவருக்கு இவ்வழிகள் எளிதில் திறக்கவில்லை. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே மாதம், கோவிட் வந்து தீர்ந்தவர்கள் மூன்று மாதம் கழித்தே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. அதே மாதத்தில் கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடைப்பட்ட காலம் 12 முதல் 16 வாரமாக நீட்டிக்கப்பட்டது. மருத்துவ நோக்கிலும் தடுப்பூசிப் பற்றாக்குறையின் நோக்கிலும் இவற்றுக்குக் காரணம் உண்டு. ஆனால் அதே கோடையில் வெளிநாடுகள் தடுப்பூசிச் சான்றைத் தம் கதவின் திறவுகோலாக்கிக்கொண்டிருந்தன. இயற்கையாகவே எதிர்ப்பு பெற்றிருந்த மாணவரும் தொழிலாளரும், அந்த எதிர்ப்பைக் காட்டும் சான்று கையில் இல்லாமலும், ஏற்கப்படும் ஊசியை உடனே போட்டுக்கொள்ள முடியாமலும் இடைவெளியில் சிக்கினர். ஜூன் மாதம் கல்வி, வேலை, ஒலிம்பிக் ஆகியவற்றின் பொருட்டு வெளிநாடு செல்வோருக்கு இரண்டாம் தவணையை 28 நாளுக்குப் பின் செலுத்தலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டு, ‘கோவின்’ என்னும் அரசு இணையதளம் வழங்கிய தடுப்பூசிச் சான்றிதழில் கடவுச்சீட்டு எண்ணும் இணைக்கப்பட்டது. கோவாக்சின் போட்டவர்களோ உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்புக்காக 2021 நவம்பர் 3 வரை காத்திருக்க நேர்ந்தது.

தாளின் வடிவம் எவ்வளவு பெரிய தடையாகும் என்பதை அவ்வாண்டு செப்டம்பரில் பிரிட்டனோடு எழுந்த பிணக்கு காட்டியது. கோவிஷீல்டை ஏற்ற பிரிட்டன், அதைப் பெற்றமைக்கான இந்தியச் சான்றிதழை முதலில் ஏற்கவில்லை. சான்றிதழில் வயது மட்டும் இருந்த இடத்தில் முழுப் பிறந்த தேதி சேர்க்கப்பட்டது. அக்டோபர் 4 முதல் இந்தியாவும் பிரிட்டானியருக்குப் பதில் கட்டுப்பாடு விதித்தது. அக்டோபர் 11 முதல் பிரிட்டன் தன் விதியைத் தளர்த்தியது. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே பாதுகாப்பு. வேறுபட்டது தாள் ஒன்றே.

இவ்வரலாறு முழுவதிலும் ஒரு போக்கு தொடர்ந்து புலப்படுகிறது. அரசு தன் கையால் செய்ததைத் தயக்கமின்றிச் சான்றளிக்கிறது; உடல் தானே செய்துகொண்டதைச் சான்றளிக்க அதற்குப் பதிவேடு இல்லை. தடுப்பூசிக்கு நாளும் இடமும் எண்ணும் உண்டு; குணமடைதல் வீட்டின் ஓர் அறையில், யாரும் எழுதிவைக்காத ஒரு காலையில் நிகழ்ந்து முடிகிறது. சோதனைக்குச் செல்ல வசதியும், முடிவைச் சேமித்து வைக்கும் அறிவும், கடிதம் எழுதித் தர மருத்துவரும் உடையவருக்கே அது தாளில் ஏறுகிறது. மூன்றாம் வகுப்பு இரயில் பெட்டியிலும் மண்டபம் முகாமிலும் நிலவிய ஏற்றத்தாழ்வு, கியூஆர் குறியீட்டின் காலத்திலும் இவ்வழியாகவே தொடர்ந்தது.

குணமடைதலை என்றென்றைக்குமான காப்பாகக் கருதுவது பிழை என்பதை ஹாங்காங் நேர்வும், 2021 நவம்பரில் வெளிப்பட்ட ஒமிக்ரான் திரிபு ஏற்படுத்திய மறுதொற்றுகளும் காட்டிவிட்டன. தடுப்பூசியின் காப்பும் தேய்வதே. ஆகவே இரண்டும் ஒரே அளவுகோலால், காலவரம்போடு அளக்கப்பட வேண்டியவை. அடுத்த பெருந்தொற்றுக்கான பன்னாட்டு விதிகளும் மின்னணுச் சான்றுகளும் வகுக்கப்படும் இக்காலத்தில், நோய் உறுதியான நாள், சோதனையின் வகை, மருத்துவரின் ஒப்பம் ஆகியவற்றைக் கொண்ட குணமடைந்த சான்று, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, கட்டணமின்றி, தடுப்பூசிச் சான்றுக்கு நிகரான வடிவில் கிடைக்க வழி செய்வது அரசுகளின் கடமை. மூன்றாம் தண்ணீர் ஊற்றியவரைக் கிராமம் முகம் பார்த்து ஏற்றுக்கொண்டது. முகம் அறியாத எல்லையில் அவரை ஏற்கச் செய்ய, அந்தத் தண்ணீருக்கு ஈடான ஒரு தாள் ஏழைக்கும் கிடைத்தாக வேண்டும்.